நிறுவுதலும் முதன்மையாதலும்: லினக்ஸ் பணிமேடையின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

கணினியின் இயக்கம் முழுவதையும் தன்பால் அடக்கி, பிற நிரல்களுக்கெல்லாம் நிலைக்களமாய் நிற்பதனை இயங்குதளம் என வழங்குகின்றோம். விசைப்பலகையில் தட்டும் எழுத்தைத் திரைக்குக் கொணர்வதும், எழுதிய கட்டுரையை வட்டிற் பதித்து வைப்பதும், அச்சுப்பொறியை ஏவுவதும் அதன் தொழில்கள். லினக்ஸ் என்பது அத்தகைய இயங்குதளங்களுள் ஒன்று. அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம்; படியெடுக்கலாம்; திருத்தலாம்; திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமைகளைப் பற்றிப் பலர் விரித்துரைத்துள்ளனர். நாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொரு வினா. நிரல் எழுதும் பயிற்சி இல்லாத ஒருவர் தம் கணினியில் லினக்ஸை நிறுவி, அதனையே தம் முதன்மைத் தளமாகக் கொள்ளுதல் எவ்வாறு, எக்காலத்தில் இயல்வதாயிற்று என்பதே அது.

இவ்வினா தமிழாய்வாளர்க்குப் புறம்பானது அன்று. சுவடிகளின் பாடபேதக் குறிப்புகளும், சொல்லடைவுகளும், ஆய்வேட்டு வரைவுகளும் இன்று கணினியிலேயே உள்ளன. 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு முடிவுற்றது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 11 வேண்டும் வன்பொருள் தகுதி பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. ஆகவே, நல்ல நிலையில் இயங்கும் கணினியைக் கழிப்பதா, வேறோர் இயங்குதளத்தை அதில் நிறுவுவதா என்னும் கேள்வி பலருடைய மேசைமீது வந்து நிற்கின்றது. அதற்கு விடை தேடுவோர்க்கு வரலாறு துணைசெய்யும்.

இப்பொருள் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. லினக்ஸ் தோன்றிய நாளிலேயே பயனர்க்கு ஒரு மாற்றுத் தளம் கிடைத்துவிட்டது என்பது ஒன்று. நிறுவும் தொல்லையே அதனைப் பரவவொட்டாமல் தடுத்தது. அத்தொல்லை நீங்கிவிட்டமையின் இனித் தடை யாதும் இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் குறையுடையன என்பது நம் துணிபு. தளத்தை எழுதியவர் வேறு. அதனை நிறுவத்தக்கதாக ஆக்கியவர் வேறு. நிறுவுதல் வேறு, முதன்மையாதலும் வேறு. முதலாவது வேறுபாட்டை உணராதார் முதற் கருத்தையும், இரண்டாவதனை உணராதார் பிற்கருத்தையும் கொள்வாராயினர்.

முதன்மைத் தளம் என்னும் தொடரை நாம் எப்பொருளில் ஆள்கின்றோம் என்பதையும் இங்கே வரையறுத்தல் தகும். ஒரு கணினியில் இரண்டு தளங்கள் இருக்கலாம். அவற்றுள் எதனை நாடாமல் உடையவரின் அன்றாட எழுத்துப்பணி நடவாதோ அதுவே முதன்மைத் தளம். வட்டில் இடம்பெற்றிருத்தல் மட்டும் முதன்மை ஆகாது.

2. தொகுப்பார் தோன்றாத காலம்

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் 1983 செப்டம்பர் 27ஆம் நாள் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஒத்ததாய், எவர்க்கும் உரிமையுடையதாய் ஒரு தளத்தை ஆக்குவது அதன் நோக்கம். 1991 வரை அத்திட்டத்தார் எழுதி முடித்தவை பல. எனினும் வன்பொருளோடு நேரே உறவாடும் கருநிரல் மட்டும் நிறைவுறாமல் இருந்தது.

அக்குறையை நிறைத்தவர் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராய் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள் தம் முயற்சியை அறிவித்தார், செப்டம்பரில் 0.01 என்னும் முதற் பதிப்பை வெளியிட்டார். அப்பதிப்பு தனித்து நிற்கும் ஆற்றல் உடையதன்று. ஆண்ட்ரூ டேனன்பாம் கற்பித்தலுக்கென ஆக்கிய மினிக்ஸ் என்னும் தளம் கணினியில் முன்னரே இருந்தால்தான் அதனை உருவாக்கவும் இயக்கவும் இயலும். ஆகவே, பிறந்தபொழுது லினக்ஸ் எவர்க்கும் முதன்மைத் தளமாய் இல்லை; ஆக்கியவர்க்கும் இல்லை.

அவர்க்கு அது முதன்மையான வகையை அவரே தம் வாழ்க்கை நூலிற் கூறியுள்ளார். தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியைத் தொடர்புகொள்ள முயன்றபொழுது, மோடத்துக்குச் செல்ல வேண்டிய எழுத்துகள் தவறுதலாக வன்வட்டுக்குச் சென்று மினிக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டன. மினிக்ஸை மீண்டும் நிறுவுவதா, லினக்ஸையே தனித்து நிற்கச் செய்வதா என்னும் நிலை வந்தது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். லினக்ஸ் ஒருவர்க்கு முதன்மைத் தளமாகிய தொடக்கக் கால நிகழ்ச்சிகளுள் ஒன்று இவ்வாறு ஓர் இழப்பின் வழியே நேர்ந்தமை கருதத்தக்கது. ஆக்கியவர் ஆதலின் அவரால் அவ்விழப்பைத் தாங்க முடிந்தது, ஏனையோரால் முடியாது. அவர் செய்ததை ஏனையோரும் இழப்பின்றிச் செய்ய வழி காண்பதே பின்வந்தோர் பணியாயிற்று.

1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் தம் நிரலைக் குனுவின் பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். அவ்வுரிமம் எவரும் தொகுத்து, விலைக்கோ விலையின்றியோ வழங்க இடந்தருவது. தொகுப்பார் தோன்றுதற்குரிய சட்ட அடிப்படை அதனால் அமைந்தது.

3. தொகுத்தாரும் தொகுப்பித்தாரும்

சங்கப் பாடல்களைப் பாடினோர் வேறு, தொகுத்தோர் வேறு என்பதை நாம் நன்கறிவோம். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் பழங்குறிப்பு உரைக்கின்றது. பாடிய ஐவர் இல்லையேல் நூல் இல்லை. தொகுத்தார் இல்லையேல் அந்நூல் நம் கைக்கு வந்திராது. லினக்ஸின் வரலாற்றிலும் இப்பாகுபாடு உண்டு. கருநிரல், குனுவின் கருவிகள், திரையில் படங்காட்டும் நிரல் முதலியவை பல்வேறு இடங்களிற் பலரால் எழுதப்பட்டவை. அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துமாறு செய்து, நிறுவும் முறையையும் உடன்வைத்துத் தருவதனை வழங்கல் என்பர். நிறுவும் பணியை முன்னின்று நடத்தும் நிரலுக்கு நிறுவி என்று பெயர்.

1992 பிப்ரவரியில் மான்செஸ்டர் கணினி மையத்தைச் சார்ந்த ஓவன் லெ பிளாங் ஒரு வழங்கலை வெளியிட்டார். மினிக்ஸின் துணையின்றித் தானே நிறுவிக்கொள்ளத்தக்க முதல் வழங்கலாக அதனைக் கருதுவர். அதே ஆண்டிற் பீட்டர் மெக்டொனால்ட் என்பார் எஸ்எல்எஸ் என்னும் விரிவான வழங்கலைத் தந்தார். அதிற் சாளரங்களைத் திரையிற் காட்டும் எக்ஸ் என்னும் நிரலும் இருந்தது. ஆயினும் எஸ்எல்எஸ் பிழைகள் மலிந்தது. அவற்றைக் களைவதிற் போதிய கருத்துச் செலுத்தப்பெறவில்லை. அக்குறைகளைக் கண்டு, அதனையே திருத்திப் பாட்ரிக் வோல்கர்டிங் 1993 ஜூலை 17ஆம் நாள் ஸ்லாக்வேர் என்னும் வழங்கலை வெளியிட்டார். அதே குறையால் உந்தப்பட்டு, 1993 ஆகஸ்ட் 16ஆம் நாள் இயன் மர்டாக் டெபியன் என்னும் வழங்கலைத் தொடங்குவதாக அறிவித்தார். இவ்விரண்டும் இன்றளவும் வாழ்கின்றன, எஸ்எல்எஸ் மறைந்தது.

நாம் மேற்காட்டிய ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதும் இதனாற் புலனாகும். தொகைநூல் ஒருகாற் தொகுக்கப்பட்டால் நிலைபெறும். வழங்கலோ இடையறாது புதுக்கப்பெற வேண்டுவது. தொகுத்தார் கைவிட்டால் அது விரைவிற் பயனற்றுப் போகும். ஆதலின், வழங்கலைத் தேர்வோர் அதன் அழகைக் காட்டிலும் அதனைப் பேணுவார் யாவர், எத்துணைக் காலமாகப் பேணி வருகின்றனர் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். முதன்மைத் தளமாகக் கொள்ள நினைப்பார்க்கு இது தலையாய அளவுகோல்.

4. நெகிழ்வட்டுக் காலத்தில் நிறுவுதல்

ஸ்லாக்வேரின் முதற் பதிப்பு 24 நெகிழ்வட்டுகளில் அடங்கியது. 1994 அக்டோபரில் வந்த 2.1ஆம் பதிப்புக்கு 73 நெகிழ்வட்டுகள் தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்று பழுதாயினும் நிறுவுதல் இடையில் நின்றுவிடும். எனினும் வட்டுகளின் எண்ணிக்கை அன்று பெருந்தொல்லை அன்று. நிறுவுவோரிடம் நிறுவி கேட்ட வினாக்களே பெருந்தொல்லை.

முதலாவது, வன்வட்டைப் பிரித்தல். விண்டோஸோ டாஸோ வட்டு முழுவதையும் பற்றியிருக்கும். அதனை அழிக்காமற் சுருக்கி இடம் உண்டாக்க ஃபிப்ஸ் என்னும் சிறு நிரல் பயன்பட்டது. பிரித்தலில் ஓர் எண் பிழைத்தாலும் வட்டிலுள்ள கோப்புகள் அனைத்தும் கைவிட்டுப் போகக்கூடும். இரண்டாவது, திரையை அமைத்தல். திரையின் கிடைநிலை, செங்குத்து அலைவெண்களைப் பயனரே அறிந்து ஒரு கோப்பில் எழுதவேண்டும். பொருந்தாத அலைவெண் தந்தால் திரை பழுதுறலாம் என்று அந்நாளைய கையேடுகள் எச்சரித்தன. மூன்றாவது, கணினியைத் தொடக்கிவைத்தல். லிலோ என்னும் தொடக்க நிரலின் பழைய பதிப்புகளால் வட்டின் 1024ஆம் உருளைக்கு அப்பாலுள்ள கருநிரலை அணுக இயலாது. விண்டோஸை மீண்டும் நிறுவினால் அது லிலோ இருந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிடும். பின்னர் லினக்ஸ் வட்டில் இருந்தும் இல்லாதது போலாகும்.

நான்காவது ஒரு தொல்லையும் உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் விற்கப்பட்ட உள்ளமை மோடங்கள் பல, தம் வேலையின் ஒரு பகுதியை விண்டோஸ் நிரல்களிடம் விட்டுவிடுவன. அவை லினக்ஸின்கீழ் இயங்கா. தளம் செவ்வனே நிறுவப்பட்டிருந்தும், இணையத்தை நாடும்பொழுதெல்லாம் விண்டோஸுக்கே திரும்ப வேண்டியிருந்தது. நிறுவுதல் முடிந்தும் முதன்மையாதல் நிகழாமைக்கு இது தெளிவான சான்று.

5. நிறுவி வளர்ந்த வகை

1996 அக்டோபர் 14ஆம் நாள் மத்தியாஸ் எட்ரிக் கேடிஇ என்னும் பணிமேடைத் திட்டத்தை அறிவித்தார். அது சார்ந்து நின்ற க்யூட்டி என்னும் நிரல்தொகுதியின் உரிமம் அந்நாளிற் கட்டற்றதாய் இல்லாமையால், 1997 ஆகஸ்டில் மிகெல் டி இக்காசா முதலியோர் குனோம் என்னும் மற்றொரு பணிமேடையைத் தொடங்கினர். கேடிஇயின் முதற் பதிப்பு 1998 ஜூலையிலும், குனோமின் முதற் பதிப்பு 1999 மார்ச்சிலும் வெளிவந்தன. கோப்புறைகளையும் பட்டியல்களையும் ஒரே பாங்கில் அமைத்துத் தந்தமையால், கட்டளைகளை மனப்பாடம் செய்யாதாரும் லினக்ஸைக் கையாளுதல் கூடுவதாயிற்று.

1999இல் கால்டெரா நிறுவனத்தார் வெளியிட்ட ஓப்பன்லினக்ஸ் 2.2, முற்றிலும் வரைகலை வழியே நடக்கும் நிறுவியைக் கொண்டிருந்தது. கோப்புகள் படியெடுக்கப்படும் நேரத்தில் நிறுவுவோர் டெட்ரிஸ் விளையாடிப் பொழுதுபோக்கவும் அதில் இடமிருந்தது. இதனைச் சிறு வேடிக்கை எனத் தள்ளுதல் பொருந்தாது. நிறுவுவோர் விழிப்போடு காத்திருந்து விடையளிக்க வேண்டிய நிலை நீங்கி, அவர் கை ஓய்ந்திருக்கும் நிலை வந்ததை அது உணர்த்துகின்றது.

2000இல் செருமானியராகிய கிளவுஸ் க்னோப்பர் வெளியிட்ட க்னோப்பிக்ஸ், வன்வட்டைத் தொடாமற் குறுவட்டிலிருந்தே இயங்கியது. கணினியின் உறுப்புகளைத் தானே இனங்கண்டு அமைத்துக்கொண்டது. குறுவட்டிலிருந்து இயங்கும் முறை 1992இல் வந்த இக்டிராசில் என்னும் வழங்கலிலேயே உண்டு. எனினும் பரவலாக வழக்கிற்கு வந்தது க்னோப்பிக்ஸாலேயே. நிறுவுமுன் பார்த்தறிதல் என்னும் வழக்கம் இதனால் வேரூன்றியது. 2004 அக்டோபர் 20ஆம் நாள் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உபுண்டு வெளிவந்தது. அதனைத் தொகுப்பித்தவர் மார்க் ஷட்டில்வொர்த்; அவர்தம் நிறுவனம் கேட்போர்க்கெல்லாம் குறுவட்டுகளை 2011 வரை விலையின்றி அஞ்சலில் அனுப்பியது. 2006 ஜூனில் வந்த 6.06ஆம் பதிப்பு, பார்த்தறியும் குறுவட்டையும் நிறுவியையும் ஒன்றாக்கியது. இன்றைய வழங்கல்கள் பலவும் பின்பற்றும் முறை இதுவே.

இவ்வெளிமைக்குத் தொகுத்தாரின் உழைப்பே முழுக்காரணம் என்று கூறிவிடல் ஆகாது. வன்பொருளும் மாறியது. பழைய அட்டைகள் தம்மை இன்னவை என்று தெரிவிப்பதில்லை. அவற்றின் முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் பயனரே தரவேண்டும். பிசிஐ என்னும் இணைப்பு முறையில் ஒவ்வோர் அட்டையும் தன்னை ஆக்கிய நிறுவனத்தின் எண்ணையும் தன் எண்ணையும் தானே கூறும். திரைகளும் தம் அளவுகளைத் தாமே அறிவிக்கத் தொடங்கின. 2001 நவம்பரில் வெளிவந்த 2.4.15ஆம் கருநிரலில் எக்ஸ்ட்3 என்னும் கோப்பு முறைமை இடம்பெற்றது. மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் இயல்பினது ஆதலின், மின்சாரம் திடீரென நின்றாலும் வட்டின் ஒழுங்கு பெரும்பாலும் கெடாது. மின்தடை மிகுந்த நாடுகளில் லினக்ஸை நம்பி எழுதுவார்க்கு இது செய்த உதவி பெரிது.

புதிய தடையும் ஒன்று எழுந்தது. 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபொழுது, ஏற்கப்பட்ட ஒப்பம் இல்லாத தளத்தைத் தொடக்க மறுக்கும் காப்புத் தொடக்கம் என்னும் முறை புதிய கணினிகளில் இடம்பெற்றது. மேத்யூ காரெட் முதலியோர் ஷிம் என்னும் சிறு நிரலை எழுதி, அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் ஒப்பம் பெற்று, அதன் வழியே லினக்ஸ் தொடங்குமாறு செய்தனர். தொல்லை நீங்கியது, ஆயின், கட்டற்ற தளம் தன் வாயிலிற் பிறர் முத்திரையை வேண்டி நிற்கும் நிலை உண்டாயிற்று.

6. மியூனிக்கும் பிரெஞ்சுக் காவற்படையும்

நிறுவுதல் எளிதாகிவிட்டால் முதன்மையாதல் தானே நிகழுமா? இவ்வினாவுக்கு மியூனிக் நகராட்சியின் வரலாறு விடையளிக்கும். அந்நகராட்சியார் 2003 மே மாதத்தில் தம் கணினிகளை விண்டோஸ் என்டியிலிருந்து லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தனர். மைக்ரோசாஃப்ட்டின் தலைவராய் இருந்த ஸ்டீவ் பால்மர் நேரிற் சென்று நகரத்தந்தையைக் கண்டும் தீர்மானம் மாறவில்லை. லிமுக்ஸ் எனப்பட்ட அத்திட்டம் 2013இல் நிறைவுற்றபொழுது ஏறத்தாழ 15,000 கணினிகளில் லினக்ஸ் இயங்கியது.

பத்தாண்டுக்காலம் ஏன் ஆயிற்று? கணினி ஒன்றில் தளத்தை நிறுவுவதற்குச் சில மணி நேரமே போதும். காலத்தை விழுங்கியவை அலுவலகப் படிவங்களும், கடித வார்ப்புகளும், அவற்றுக்குள் எழுதப்பட்டிருந்த குறுநிரல்களும் ஆகும். ஒவ்வொரு துறையும் தனித்தனியே அவற்றை வளர்த்து வைத்திருந்தது. அவற்றை ஒழுங்குசெய்ய நகராட்சியார் வோல்முக்ஸ் என்னும் நிரலைத் தாமே எழுதிப் பின்னர்ப் பொதுவில் வழங்கவும் செய்தனர். ஆயினும் 2017 நவம்பரில் விண்டோஸுக்கே மீள்வதென்று நகரமன்றம் முடிவுசெய்தது. அம்முடிவுக்கு லினக்ஸின் குறையே காரணம் என்பாரும், நிருவாக அமைப்பின் சிதறலே காரணம் என்பாரும், அரசியல் மாற்றமே காரணம் என்பாரும் உளர். 2020இல் அமைந்த புதிய கூட்டணி, இயன்ற இடமெல்லாம் திறந்த மூல மென்பொருளையே கொள்வதென மீண்டும் உடன்பட்டது. காரணம் எதுவாயினும், 15,000 கணினிகளில் நிறுவப்பட்டிருந்தமை மட்டும் அத்தளத்தின் முதன்மையைக் காத்துத்தரவில்லை என்பது தெளிவு.

பிரெஞ்சுக் காவற்படையாகிய ஜாந்தர்மெரியின் வழி இதனோடு ஒப்பிடத்தக்கது. அப்படையினர் 2005இல் ஓப்பன்ஆஃபிஸ் என்னும் எழுத்துத் தொகுதியை விண்டோஸ் கணினிகளிலேயே கையாளத் தொடங்கினர். அடுத்து ஃபயர்பாக்ஸ் உலாவியையும் தண்டர்பேர்டு அஞ்சல் நிரலையும் ஏற்றனர். எழுதும் கருவியும் கோப்பின் வடிவும் மாறிப் பழகிய பின்னரே, 2008 முதலாகத் தளத்தை உபுண்டுவுக்கு மாற்றினர். அம்மாற்றம் நிலைபெற்றது. ஒரே தலைமையின்கீழ் இயங்கும் படை ஆதலின் அவர்களுக்கு இது எளிதாயிற்று என்று கூறலாம். அதனை மறுக்கவேண்டுவதில்லை. எனினும், கோப்புகள் முதலிலும் தளம் பின்னுமாக அவர்கள் கொண்ட வரிசைமுறை தனியொருவர்க்கும் பொருந்துவதாகும்.

7. தமிழ் எழுத்தும் லினக்ஸும்

இனி, தமிழ் எழுதுவோர்க்கு உரிய பகுதியைக் காண்போம். லினக்ஸ் தோன்றிய 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியின் முதற் பதிப்பும் வெளிவந்தது; அதில் தமிழுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஓராண்டிற் பிறந்த இவ்விரண்டும் ஒன்றுகூடப் பத்தாண்டுக்கு மேலாயிற்று.

அதன் காரணம் நம் எழுத்தின் இயல்பிலேயே உள்ளது. கெ என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்கின்றது. ஒலியிலோ ககரமெய் முன்னும் எகரம் பின்னும் வருகின்றன. ஒருங்குறி ஒலிமுறையைப் பின்பற்றி ககரத்தை முன்னும் கொம்பினைப் பின்னும் பதிவுசெய்கின்றது. திரையிற் காட்டும் நிரல் அவ்வரிசையை மாற்றிக் கொம்பினை முன்னே வைத்தல் வேண்டும். கொ என்பதிலோ குறி இருபுறமும் பிரிந்து நிற்றல் வேண்டும். உரோமன் எழுத்துக்கென எழுதப்பட்ட பழைய நிரல்கள் இதனை அறியா. குனோமின் பாங்கோவும், கேடிஇ சார்ந்த க்யூட்டியும் இவ்வாற்றலைப் பெற்ற பின்னரே லினக்ஸ் பணிமேடையிற் தமிழ் ஒழுங்காகத் தோன்றியது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிற் தன்னார்வலர் பலர் இப்பணிமேடைகளின் சொற்களைத் தமிழாக்கவும் முன்வந்தனர். சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் வழங்கலை 2007இல் வெளியிட்டது.

எழுதும் முறையிலும் முன்னேற்றம் உண்டு. 1999இற் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாக வந்த தமிழ் 99 விசைப்பலகையை இன்றைய வழங்கல்களில் ஐபஸ் முதலிய உள்ளீட்டு நிரல்களின் வழியே பெறலாம். ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுவோர்க்கும் வழி உண்டு.

ஆயின், பழைய கோப்புகளின் நிலை வேறு. ஒருங்குறி பரவுமுன் தமிழறிஞர் தம் உரைகளைத் திஸ்கி, டாம், டாப் முதலிய குறியேற்றங்களிலும், பாமினி போன்ற எழுத்துருக்களிலும், நிறுவனங்கள் தத்தமக்கென வகுத்துக்கொண்ட முறைகளிலும் தட்டச்சு செய்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பொருளற்ற உரோமன் எழுத்துகளாகவே தோன்றும். இது லினக்ஸின் குறை அன்று. புதிய விண்டோஸ் கணினியிலும் இந்நிலையே. எனினும் தளம் மாறும்பொழுதுதான் இக்குறை வெளிப்படுகின்றது. பரவலாக வழங்கிய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் உள்ளன. தனிமுறை எழுத்துருவில் அமைந்த கோப்புகளுக்கோ, அவ்வெழுத்துருவும் அதனைப் படிக்கும் பழைய நிரலும் இயங்கும் கணினி ஒன்று கையில் இருக்கும்பொழுதே மாற்றுதல் நன்று. ஏடு செல்லரித்த பின் படியெடுக்கப் புகுதல் எத்துணை அரிது என்பதை நம் துறையினர்க்குக் கூறவேண்டுவதில்லை.

8. நிறுவப் புகுவார்க்கு

மேற்கூறிய வரலாற்றிலிருந்து பெறப்படும் நடைமுறையைச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண், கோப்புகள் அனைத்தையும் வேறு இரண்டு இடங்களிற் படியெடுத்து, அப்படிகள் திறக்கின்றனவா எனவும் பார்த்தல் வேண்டும். டோர்வால்ட்ஸின் வட்டுக்கு நேர்ந்தது எவர் வட்டுக்கும் நேரலாம். இரண்டாவதாக, விண்டோஸிலிருக்கும்பொழுதே லிபர்ஆஃபிஸ், ஃபயர்பாக்ஸ் ஆகியவற்றைப் பழகுதலும், பழைய குறியேற்றக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதலும் தகும். கட்டுரைகளை 2006 முதல் உலகத் தரமாக ஏற்கப்பட்டுள்ள திறந்த ஆவண வடிவிலும் ஒரு படி வைத்தல் நன்று. மூன்றாவதாக, நெடுங்காலம் பேணப்பட்டுவரும் வழங்கல் ஒன்றை யுஎஸ்பி நினைவகத்தில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்த்தல் வேண்டும். கம்பியில்லா இணைப்பும் ஒலியும் அச்சுப்பொறியும் இயங்குகின்றனவா, கொ, கௌ, ஸ்ரீ ஆகிய எழுத்துகள் செவ்வனே தோன்றுகின்றனவா என்பன அப்பொழுதே தெரியவரும்.

நான்காவதாக நிறுவுதல். விண்டோஸ் தன் வட்டை மறையாக்கம் செய்திருந்தால் அதன் மீட்புத் திறவுகோலை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா, இரு தளங்களையும் உடன்வைப்பதா என நிறுவி வினவும். தொடக்கத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளுதல் பாதுகாப்பானது. சொந்தக் கோப்புகளுக்குத் தனி வட்டுப்பிரிவு அமைத்தால், பின்னர்த் தளத்தை மட்டும் புதுக்குதல் எளிதாகும். நிறுவியபின் தமிழ் எழுத்துருக்களையும் உள்ளீட்டு முறையையும் சேர்த்து, ஒரு பருவக்காலம் அன்றாடப் பணிகள் அனைத்தையும் அதிலேயே செய்துவருதல் வேண்டும். அக்காலத்தில் எவ்வேலைக்காக விண்டோஸை நாடினோம் என்பதைக் குறித்து வைத்தால், அப்பட்டியலே முடிவைக் கூறும். பட்டியல் வறிதாயின் லினக்ஸ் முதன்மையாகிவிட்டது. தவிர்க்கவியலாத ஒன்றிரண்டு எஞ்சினால், பழைய தளத்தை அவற்றுக்கென மட்டும் வைத்துக்கொள்வதில் இழுக்கில்லை.

9. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில உண்மைகள் போதருகின்றன. லினக்ஸைப் பலர்க்கும் உரியதாக்கிய பெருமை கருநிரல் எழுதியவரோடு தொகுத்தார்க்கும் தொகுப்பித்தார்க்கும் உரியது. 1992இலிருந்து 2006 வரையுள்ள காலத்தில் நிறுவுவோரின் சுமை படிப்படியாகத் தொகுத்தாரின் தோளுக்கும், ஓரளவு வன்பொருளுக்கும் மாறியது. ஆயினும் ஒரு சுமையை எந்நிறுவியும் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்கவும் இயலாது. ஒருவர் தாம் எழுதியவற்றை எவ்வடிவில் வைத்துள்ளார் என்பது அது. மியூனிக் நகராட்சிக்குப் பத்தாண்டுகள் ஆனதும் அதனால். பழைய எழுத்துருக் கோப்புகளை உடைய தமிழறிஞர் தயங்குவதும் அதனால்.

எனவே, லினக்ஸைக் கொள்வதா தள்ளுவதா என்னும் கேள்விக்கு முற்பட்டதொரு கடமை நமக்கு உண்டு. தமிழ்த்துறைகளில் கடந்த முப்பதாண்டுகளாகத் தட்டச்சிட்ட உரைகளையும் அடைவுகளையும் ஒருங்குறிக்கும் திறந்த வடிவுக்கும் மாற்றிவைத்தலே அக்கடமை. அது நிறைவேறிய துறை எத்தளத்தையும் அச்சமின்றித் தேரலாம். வேண்டாவிடின் அச்சமின்றி விடவும் செய்யலாம்.